கண்ணாடிப் பெட்டியில் ஒரு காது மெஷின்

மார்ச் 3

என் வாயாடி மகளுக்கு,

அப்பாவின் அன்பும் ஆசீர்வாதமும். நானும் அம்மாவும் சுகம். ஜெபத்துக்கு மண்டியிடும்போது மட்டும் முழங்கால் முரண்டு பிடிக்கிறது. நீ கடிதம் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. பரிசோதனைக் கூடத்தில் ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்க்கிறாய், சொந்த ரத்தத்துக்கு நாலு வரி எழுத நேரம் இல்லையா?

அடுத்த மாதம் நம் சபைக்கு வெள்ளி விழா. நிகழ்ச்சியில் கர்த்தர் உன் காதைத் திறந்த சாட்சிதான் முதலில். உன் ஒன்பது வயதில் இதே மேடையில் உன் காது மெஷினைக் கழற்றி உயர்த்திக் காட்டினேனே, வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அதைப் பார்க்காமல் இன்றும் யாரும் உள்ளே நுழைவதில்லை. போன வாரம் ஒரு தாய் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். அவளுடைய ஐந்து வயது மகளுக்கும் மெஷின் இல்லாமல் காது கேட்காதாம். விழாவுக்குக் கூட்டி வருகிறாள். நீ பத்து நிமிடம் பேசினால் போதும், அவள் விசுவாசம் உறுதிப்படும்.

போனில் சொல்லியிருக்கலாம். கடிதம் என்றால் நீ ஆற அமரப் படிப்பாய். என்றைக்கு வருகிறாய் என்று எழுது.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். முழங்காலுக்கு மாத்திரை சாப்பிடுங்கள். அதற்காகக் கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் வரவில்லை. காரணத்தை எழுதுவதற்குள் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

அன்று எனக்கு எதுவும் கேட்கவில்லை. மெஷினைக் கழற்றியதும் எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. நீங்கள் குனிந்து, "கேக்குதா பாப்பா?" என்றீர்கள். உங்கள் உதட்டைப் பார்த்துத் தலையாட்டினேன். கூட்டமே அழுதது. நீங்களும் அழுதீர்கள். உங்களை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை, அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் பதினான்கு வருடம் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பள்ளியில் திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினேன். வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம் புது மெஷின் வாங்கினேன். வீட்டுக்கு வரும்போது மட்டும் அதைக் கழற்றிப் பைக்குள் ஒளித்துவிடுவேன். நீங்கள் வேறு மீசையை வளர்த்துவிட்டீர்கள். போன முறை நீங்கள் சொன்னதில் பாதி புரியவில்லை, சிரித்து வைத்தேன்.

அதைவிட வெட்கம் ஒன்று இருக்கிறது. என் சாட்சியைக் கேட்டுத்தானே நம் சபைத் தையல்காரர் சர்க்கரை மாத்திரையை மேடையிலேயே தூக்கிப் போட்டார்? அவருடைய காலை எடுத்த பிறகு அவர் வீட்டுப் பக்கம் போக எனக்கு முகமில்லை.

நான் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. இங்கே ஒரு சின்ன சபைக்குப் போகிறேன். போதகர் ஒரு பெண். அதை நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள், தெரியும். பிரசங்கத்தை முன்கூட்டியே தட்டச்சு செய்து என் கையில் கொடுத்துவிடுவார். இயேசு செவிடனைக் குணமாக்கிய பகுதியை அங்கேதான் நிதானமாகப் படித்தேன். முதலில் அவனைக் கூட்டத்தை விட்டுத் தனியாக அழைத்துக்கொண்டு போகிறார். முடிந்ததும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறார். நீங்கள் எத்தனையோ முறை அதைப் பிரசங்கித்திருக்கிறீர்கள், இந்த இரண்டு இடத்தையும் தாண்டித்தான் போவீர்கள்.

உங்களுக்குத் தெரியும் அப்பா. அம்மா என்னைக் கூப்பிட விளக்கை இரண்டு முறை போட்டு அணைப்பாரே, அது உங்கள் கண்ணில் படாமலா இருந்தது? எனக்குக் கேட்கும் என்று நம்பியிருந்தால் இத்தனை வருடத்தில் ஒரு முறையாவது போன் செய்திருக்க மாட்டீர்களா?

அந்தக் குழந்தையின் மெஷினைக் கழற்றாதீர்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

உங்கள் மகள்

ஏப்ரல் 14

மகளே,

உன் கடிதம் ஒரு மாதமாக என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அழவில்லை. "இப்பவாவது ஒத்துக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மேடையில் உன்னை நிறுத்திய மறு வாரம், நீ சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாய். என் கையிலிருந்த எவர்சில்வர் தட்டு விழுந்தது. அம்மா பதறிப்போய் ஓடி வந்தாள். நீ திரும்பவில்லை. கை தவறிவிட்டது என்று அவளிடம் சொன்னேன். வேண்டுமென்றேதான் போட்டேன். பிறகு தட்டை எடுத்து வைத்துவிட்டு ஞாயிறு பிரசங்கம் எழுத உட்கார்ந்தேன். உனக்குக் கேட்கிறது என்றுதான் எழுதினேன். இதை எழுதும்போது என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

விழா அன்று யாரும் வருவதற்கு முன்னால் பெட்டியைத் திறந்தேன். பேட்டரி கசிந்து மெஷின் பச்சை பூத்திருந்தது. எங்கே அது என்று சபை மூப்பர் ஒருவர் கேட்டபோது, துடைக்க எடுத்தேன் என்று பொய் சொன்னேன். அதுவரைக்கும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தத் தாய் குழந்தையோடு மேடைக்கு வந்தாள். மெஷினை ஏற்கெனவே கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள். குழந்தை என் வாயையே பார்த்தது. உன் பார்வை அது. இருவரையும் நாற்காலி அடுக்கும் பின்னறைக்கு அழைத்துப் போனேன். மெஷினைப் போட்டுவிடச் சொன்னேன். "அப்போ உங்க பொண்ணுக்கு?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அவளுக்குக் கேக்கல. எனக்கு அப்பவே தெரியும்."

திரும்பி வந்து மைக்கிலும் அதையே சொன்னேன். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். தையல்காரர் போகவில்லை. கடைசி வரிசையில் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அருகில் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இனி நான் பிரசங்கிக்க வேண்டாம் என்று மூப்பர்கள் முடிவு செய்துவிட்டார்கள். சரியான முடிவு.

மன்னிப்பு கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை உன்னைப் பார்க்க வரலாமா? மேடையில் "கேக்குதா" என்று கேட்டது உன்னைக் கேட்டதல்ல, கூட்டத்துக்காகக் கேட்டது. இப்போது உண்மையாகவே தெரியாமல் கேட்கிறேன். உனக்கு எவ்வளவு கேட்கும்? வாசலில் மணி அடித்தால் தெரியுமா?

அப்பா

ஏப்ரல் 19

அப்பாவுக்கு,

வலது காதில் மெஷின் போட்டால் ஓரளவு கேட்கும். இடது காதில் எதுவும் இல்லை.

மணி அடித்தால் முன்னறையில் விளக்கு எரியும். அம்மாவின் ஏற்பாட்டைப் பார்த்துத்தான் வைத்தேன், அவரையும் கூட்டி வாருங்கள். தையல்காரரை நாம் சேர்ந்தே போய்ப் பார்க்கலாம், எனக்குத் தனியாகப் போகத் தைரியம் இல்லை.

நான் மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், பார்ப்போம். மீசையைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டு வாருங்கள், உதடு தெரிய வேண்டும்.

மகள்