அம்மாவின் முட்டியும் உன் ஏரியும்

அன்புள்ள அக்கா,

இலையுதிர்காலத்தில் அம்மாவை வெளிநாடு கூட்டிப்போக நீ போட்ட திட்டம் கிடைத்தது. ஏரிக்கரையில் ஒரு வாரம், மலையடிவாரத்தில் ஒரு வாரம், எதற்கும் அவசரமில்லை என்று எழுதியிருக்கிறாய். உனக்கு யோசனைக்கா பஞ்சம்!

ஏரியைச் சுற்றி நடக்கிற வேலையெல்லாம் வேண்டாம். குளிரில் அம்மாவுக்கு மூச்சு வாங்கும். மூன்று வருஷமாக அவள் முட்டியை நான்தானே பார்க்கிறேன். ஊரார் முட்டியையெல்லாம் சரிபண்ணி நடக்கவைக்கிற பிசியோதெரபிஸ்ட் நான். அம்மாவை மட்டும் தெருமுனை வரை கூட்டிப்போக முடிந்ததில்லை. "வலிக்குதுடி, ஆளை விடு" என்பாள்.

உன் போன் வந்ததிலிருந்து தினமும் மாடிப்படி ஏறி இறங்குகிறாள். கையைப் பிடிக்கப் போனால் தட்டிவிடுகிறாள். "பெரியவ கூட்டிட்டுப் போறா, இலையெல்லாம் செக்கச்செவேல்னு இருக்குமாம்" என்று எதிர்வீட்டுக்காரியிடம் ஒரே பெருமை. எனக்கொன்றும் வயிற்றெரிச்சல் இல்லை. முட்டி தேய்ந்துவிடுமே என்றுதான் சொல்கிறேன்.

நீ அனுப்பிய கோட்டை நேற்று போட்டுப் பார்த்தாள். பட்டனெல்லாம் நான்தான் மாட்டிவிட்டேன். "நீயும் வாயேன்டி" என்றாள். கிளினிக்கில் லீவு தரமாட்டார்கள் என்றேன். "அதுவும் சரிதான்" என்று கண்ணாடி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லீவு வாங்கி ஒரு வாரமாகிறது, அக்கா. அம்மா இன்னொரு தடவை கேட்கட்டும் என்றுதான் இருக்கிறேன். நீ ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
அம்மாவின் இன்னொரு மகள்