வாசல் கேட்டில் ஒரு பொட்டு

உம்மா,

இன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து கேட்டைத் தள்ளும்போது, அதன் உள்பக்கத்தில் அதைப் பார்த்தேன். இசக்கி அக்காவின் அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டு. குற்றாலத்துச் சாரல் இத்தனை நாள் நனைத்தும் விழவில்லை. நகத்தால் மெல்ல எடுத்து ஜியாமெட்ரி பாக்ஸ் மூடிக்குள் ஒட்டிக்கொண்டேன். இப்போது பெரியம்மா தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். பயமாக இருக்கிறது உம்மா.

உங்களுக்கு வலது கையும் பேச்சும் போன பிறகு, வாப்பா சவுதியிலிருந்தபடியே ஒரு கம்பெனி மூலமாக ஏற்பாடு செய்த ஆள் இசக்கி அக்கா. கடையத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார்கள். உங்களைக் குளிப்பாட்டுவார்கள், சோறு ஊட்டுவார்கள், உங்களுக்குப் பதிலாக என்னைத் திட்டவும் செய்வார்கள். "ஏட்டி, உங்க உம்மா கண்ணைப் பாரு. ஒழுங்கா தலை பின்னச் சொல்லுதாங்க."

ஒருநாள் கம்பெனியில் அவர்களைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். போகாதவர்களுக்கு வேலை கிடையாதாம். நோயாளியின் சாதி, மதம் பார்க்காமல், அவர் வீட்டுப் பழக்கத்தை மதித்து நடப்பது எப்படி என்று பாடம். மறுநாள் அக்கா புது ஆளாக வந்தார்கள். "மதினி, தொடட்டுமா?" என்று கேட்டுத்தான் உங்கள் கையைத் தொட்டார்கள். "சலாமலேக்கும்" என்று திக்கித் திக்கிச் சொன்னபோது உங்கள் பாதி வாய் சிரித்தது.

ஆனால் அன்று முழுவதும் நீங்கள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினீர்கள். தலைவலி என்று பெரியம்மா தைலம் தேய்த்தார்கள். கண் எரிந்து தண்ணீர் வழிந்தும் நீங்கள் நிறுத்தவில்லை. அக்கா மாத்திரையைக் கரைத்து வந்தார்கள். டம்ளரைத் தட்டிவிட்டு, இடது கையால் அக்காவின் நெற்றியையே குத்திக் காட்டினீர்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அக்கா, உங்க பொட்டு எங்க?"

"கேட்டுல ஒட்டி வச்சிருக்கேன்ட்டி. போம்போது எடுத்துக்கிடுவேன்." பிறகு குனிந்துகொண்டு, "எதையும் கேட்டுச் செய்யுங்கன்னுதான் அங்கன சொன்னாங்க மதினி. இதை மட்டும் கேக்காம நானா எடுத்துட்டேன்" என்றார்கள்.

எடுத்து வந்து உங்கள் விரலில் ஒட்டிவிட்டார்கள். நீங்கள் அதை அக்கா நெற்றியில் வைத்தீர்கள், கோணலாக. "மதினி, இது நெத்தியா, மூக்கா?"

அதற்குப் பிறகு தினமும் காலையில் அதுதான் உங்கள் முதல் வேலை. வரும்போது வைத்திருந்ததை அக்கா கேட்டில் ஒட்டிவிட்டு, புதிதாக ஒன்றை உங்கள் விரலில் ஒட்டுவார்கள். கதவைச் சாத்திய அறைக்குள், நம் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விளையாட்டு. எல்லாம் உங்களுக்கு மற்றவர்கள்தான் செய்தார்கள். நீங்கள் ஒருவருக்குச் செய்தது அது ஒன்றுதான்.

கடைசிக் காலையிலும் பொட்டோடு உங்கள் கை உயர்ந்தது. பாதியில் இறங்கிவிட்டது. அக்கா "மதினி, மதினி" என்று உலுக்க, நான் பெரியவாப்பாவைக் கூப்பிட அடுத்த வீட்டுக்கு ஓடினேன். அந்தப் புதுப் பொட்டு உங்கள் விரலிலேயே தங்கிவிட்டது; கேட்டில் ஒட்டியதை அக்கா எடுக்காமலே போய்விட்டார்கள். அடக்கத்துக்கு முன் உங்கள் மய்யத்தைக் குளிப்பாட்ட வந்தவர்கள்தான் விரலில் இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

இது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். பெரியவாப்பா கம்பெனிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார்: "மவுத்தாப் போற நேரத்துல எங்க வீட்டுப் பிள்ளை கையில பொட்டை ஒட்டி விட்டிருக்கா. இதுக்குத்தான் ட்ரெயினிங் குடுத்தீங்களா?" முடிக்கும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. உங்கள் மேல் உள்ள பாசம்தான். அதனால்தான் எனக்கு இன்னும் பயம்.

நாளைக்குக் கம்பெனி மேடம் அக்காவைக் கூட்டிக்கொண்டு விசாரிக்க வருகிறார்கள். தப்பு என்று முடிவானால் அக்காவை இனி எந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டார்களாம். நான் வாயைத் திறந்ததுமே பெரியம்மா, "ஏட்டி, உள்ள போ. பெரியவங்க பேச்சுல உனக்கு என்ன?" என்றார்கள். வாப்பா வரும்வரை நான் இவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறேன். "படிச்சது போதும்" என்று பெரியவாப்பா ஒரு வார்த்தை சொன்னால் என் பள்ளிக்கூடம் முடிந்தது.

அவர் எதிரில் நின்றால் எனக்கும் உங்களைப் போல நாக்கு எழாது. ஆனால் பேசாமல் சொல்வது எப்படி என்று உங்களிடம்தான் பார்த்தேன். நாளைக்கு அக்கா வெறும் நெற்றியோடு வருவார்கள். எல்லோரும் பார்க்க, "தொடட்டுமா?" என்று கேட்டு, நீங்கள் வைத்தது போலவே இந்தப் பொட்டை நான் வைப்பேன். மழையில் பசை போயிருக்கும். ஒட்டாவிட்டால், விரலை எடுக்காமல் அப்படியே நிற்பேன்.