டாடிக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த போர்டு

3 ஜூலை 2025, வியாழன்

இன்று கம்ப்யூட்டர் லேபில் உலகம் தலைகீழானது. உபயம்: நான்.

மிஸ் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவர் மெஷினில் கன்ட்ரோல், ஆல்ட், கீழ் அம்பு. மூன்று சாவி, ஒரே அழுத்து. திரை குப்புற விழுந்துவிட்டது. மிஸ் வந்தார், பார்த்தார், கழுத்தைச் சாய்த்தார். பிறகு மானிட்டரையே தூக்கித் தலைகீழாகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்! இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஷோபா சிரிப்பை அடக்க முடியாமல் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள். கடைசியில் நானே எழுந்து போய் மேல் அம்பை அழுத்திச் சரி செய்தேன். எலைன் ரொம்ப ஷார்ப் என்று பாராட்டு வேறு.

ஷார்ப் இல்லை மிஸ். ஷார்ட்கட்.

5 ஜூலை, சனி

டாடி என்னிடம் பாடம் கேட்டார். மறுபடியும் எழுதுகிறேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை: டாடி. என்னிடம். பாடம்.

டாடிக்கு ஐம்பத்தொன்று. தங்கச் சுரங்கம் மூடும்வரை ஷாஃப்டில் பெல்மேன், குழிக்குள் ஆளை இறக்கி ஏற்றும் கேஜ் என்ற கூண்டுக்கு மணி அடிப்பவர். இப்போது ஒயிட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டி. ஊரிகம் ஸ்டேஷனில் முதல் வண்டியைப் பிடித்துப் போய், பன்னிரண்டு மணி நேரம் நின்று, இருட்டிய பிறகு வருகிறார். காலில் நரம்பெல்லாம் சுருண்டு புடைத்திருக்கிறது. இனி நின்று செய்யும் வேலை கூடாது என்று போன வாரமே டாக்டர் சொல்லிவிட்டாராம். வீட்டில் எனக்கு மட்டும் சொல்லவில்லை. நான் ஜோக் அடிப்பேனாம். (அடித்திருப்பேன்.)

அதே அபார்ட்மென்டில் கன்ட்ரோல் ரூமில் ஒரு நாற்காலி காலியாகிறது. உட்கார்ந்த வேலை. வருகிறவர்களின் பெயரை எக்செல்லில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். 14ஆம் தேதி திங்கட்கிழமை டெஸ்ட்: அரை மணி நேரம், முப்பது பெயர். சூப்பர்வைசர் சிவகுமார் பார்ப்பாராம். கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு வேலையை விட வேண்டியதுதான் என்று மம்மி சமையலறையில் சொன்னது காதில் விழுந்தது.

ஷோபாவின் அண்ணனுடைய பழைய லேப்டாப்பை வாங்கி வந்துவிட்டேன்.

6 ஜூலை, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் முதல் வகுப்பு. டாடி ஷூ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வீட்டுக்குள், ஷூ.

காப்பிக்கு கன்ட்ரோல் சி, ஒட்ட கன்ட்ரோல் வி, தப்பானால் திரும்பிப் போக கன்ட்ரோல் இசட். தேட கன்ட்ரோல் எஃப். கன்ட்ரோலோடு அரைப்புள்ளி அடித்தால் இன்றைய தேதி தானாக விழும். கூடவே ஷிஃப்டும் சேர்த்தால் நேரம். மேலே இருப்பதே கீழே வர கன்ட்ரோல் டி. ஒரே ஃப்ளாட்டுக்கு நாலு பேர் வந்தால் நாலு முறை அடிக்க வேண்டாம். எழுந்து போகும்போது விண்டோஸ் சாவியோடு எல், திரை பூட்டிக்கொள்ளும்.

தேதி தானாக விழுந்ததும் டாடி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். மந்திரக்காரியைப் பார்ப்பது போல.

பிறகுதான் எனக்கு அதிர்ச்சி. ஒரு மணி நேரம். ஒன்றையும் மறக்கவில்லை. எழுத்துகளை ஒற்றை விரலில் தேடித் தேடித்தான் குத்துகிறார், ஷார்ட்கட் மட்டும் பட் பட்டென்று விழுகிறது. எப்படி என்று கேட்டேன். இது பெல்தானே என்றார். கேஜை இறக்க ரெண்டு பெல். ஆள் ஏறப்போகிறான் என்றால் மூணு. மேலே இருந்து பதிலுக்கு மூணு வந்தால்தான் ஏறலாம். ஓடுகிற கேஜுக்கு ஒரு பெல் என்றால் நிறுத்து. மெஷின் எங்கேயோ மேலே இருக்கும், கண்ணால் பார்க்க முடியாது, விரல்தான் பேசும்.

அதனால்தான் அந்தத் தேதியைத் தவிர டாடி திரையைப் பார்ப்பதே இல்லை. விரலைத்தான் பார்க்கிறார்.

7 ஜூலை, திங்கள்

டாடி வேலையிலிருந்து ஒரு அட்டை கொண்டு வந்தார். ஷார்ட்கட் எல்லாவற்றையும் அதில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். அடியில் கையெழுத்தும் போட வேண்டுமாம். ஷாஃப்ட் வாயில் தொங்குகிற பெல் போர்டில் மேனேஜர் கையெழுத்து இருக்குமாம். கையெழுத்து இருந்தால் அதுதான் சட்டம், யாரும் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது.

அவ்வளவு சீரியஸாக அவர் உட்கார்ந்திருக்க, எனக்கு வாய் நமநமத்தது.

“செய்ததைப் பத்திரமா வைக்க எது பாப்பா?” என்றார்.

“ஆல்ட், எஃப் ஃபோர்,” என்றேன். “பெட்டி ஒண்ணு வந்து கேள்வி கேக்கும் டாடி. ‘என்’ அடிங்க. ‘என்’னுன்னா நல்லது.”

உண்மையிலேயே சேவ் செய்கிற கன்ட்ரோல் எஸ்ஸா? அது ஸ்டாப், தொட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று எழுதினேன். ஒரு பெல் மாதிரி என்று தலையாட்டினார்.

அடியில்: எலைன், மேனேஜர். டாடி அதைக் கடிகாரத்துக்குக் கீழே ஆணி அடித்து மாட்டினார். நான் பின்கட்டுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

9 ஜூலை, புதன்

தினமும் பத்துப் பெயர் அடிக்கிறார். ஆல்ட் எஃப் ஃபோர். என். எல்லாம் காற்றோடு. “போயிடுச்சா?” என்கிறார். “போயிடுச்சு டாடி,” என்கிறேன். நான் சொல்வது பொய்யே இல்லை என்பதுதான் இதில் அழகு.

அடித்ததை அடுத்த நாள் திறந்து பார்க்கக் கேட்கவே இல்லை. நாளைக்கு வேறு ஷிஃப்ட், வேறு பக்கம் என்கிறார்.

11 ஜூலை, வெள்ளி

ஷோபாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எப்போது உண்மையைச் சொல்வாய் என்று கேட்டாள். ஞாயிறு, பூசைக்குப் பிறகு, மம்மி முன்னால், பிரியாணியோடு. திங்கள் டெஸ்டுக்கு ஒரு முழு நாள் இருக்கிறதே. டாடி முகம் எப்படி இருக்கும் என்று நடித்துக்கூடக் காட்டினேன்.

12 ஜூலை, சனி

காலை எட்டு மணி. டாடி எங்கே என்று மம்மியிடம் கேட்டேன். இன்றைக்கே டெஸ்டாம். சிவகுமார் திங்கட்கிழமை லீவாம், நேற்று ராத்திரி போன் வந்ததாம். நான் தூங்கிக்கொண்டிருந்தேனாம்.

இன்றைக்கே.

12, அதே நாள், எட்டரை

போன் ஸ்விட்ச் ஆஃப். கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள்.

12, பத்து மணி

ஆஃப்.

கன்ட்ரோல் இசட். கன்ட்ரோல் இசட். கன்ட்ரோல் இசட்.

12, இரவு

மம்மியிடம் கூட ஒன்றும் சொல்லாமல் டாடி நேராகப் போர்டுக்கு முன்னால் போய் நின்றார். முழங்கால் வரை வீங்கிய காலோடு. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

முப்பது பெயரையும் இருபத்திரண்டு நிமிஷத்தில் முடித்தாராம். வந்திருந்த ஐந்து பேரில் முதல் ஆள். எழுந்து நின்று சல்யூட் கூட அடித்தாராம். சிவகுமார் வந்து ஃபைலைத் திறந்தால் வெள்ளை. ஒரு பெயர் கூட இல்லை. இருபது வயசுப் பையன் ஒருவன் சிரித்தானாம். இதையெல்லாம் யாரோ ஒருவருக்கு நடந்தது போலச் சொன்னார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“நான் எந்த பெல்லைத் தப்பா அடிச்சேன் பாப்பா? நீயே பாரு. எனக்குத் தெரியல.”

நான் என்னவோ உளறினேன். அழுதேன் என்று நினைக்கிறேன். ஆல்ட் எஃப் ஃபோர் என்றால் மூடு டாடி, என் என்றால் வேண்டாம், எஸ்தான் சேவ், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம்னு இருந்தேன் டாடி, சத்தியமா ஞாயிற்றுக்கிழமை...

“தெரிஞ்சே கொடுத்தியா?”

“ஜோக்குக்கு.”

மம்மியின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

“கேஜுல ஆள் இருந்தா இன்னா பண்ணியிருப்ப?” என்றார். சத்தமே போடவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போர்டைக் கழற்றவும் இல்லை. அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டு, கால் கழுவப் போய்விட்டார்.

13 ஜூலை, ஞாயிறு

பிரியாணி. யாருக்கும் இறங்கவில்லை.

14 ஜூலை, திங்கள்

டாடி முதல் வண்டிக்குப் போய்விட்டார். நிற்பதற்கு.

15 ஜூலை, செவ்வாய்

காலேஜுக்கு மட்டம். ஷோபாவைத் துணைக்கு இழுத்துக்கொண்டு ஒயிட்ஃபீல்ட் போனேன். சிவகுமாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் ஏதாவது நடக்காதா?

கேட்டில் டாடி. தொப்பி, விசில், இடுப்பில் பெல்ட். ஒரு கார் வந்தது, சல்யூட். இன்னொன்று, சல்யூட். காரில் இருந்தவர்கள் போனிலிருந்து கண் எடுக்கவில்லை. டாடி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். ஆறு வருஷமாக இதுதான் அவர் வேலை. நான் ஒரு தடவை கூட வந்து பார்த்ததில்லை.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறவே இல்லை. “யாரைப் பாக்கணும்ங்க? இதுல எழுதுங்க,” என்று நோட்டை நீட்டினார். நீங்க, வாங்க! எனக்கு! பெயர், ஊர், நேரம் எழுதினேன். ‘வந்த காரணம்’ என்று ஒரு கட்டம். தப்பை ஒப்புக்கொள்ள, என்று எழுதினேன். டாடி படித்தார். உள்ளே போன் அடித்து, விசிட்டர் ரெண்டு பேர் என்றார்.

சிவகுமார் டாடியைவிட ரொம்பச் சின்னவர், கன்னடம் கலந்த தமிழ். நான் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

“ஏனம்மா, உங்கப்பா சகாயம் நேத்து இங்க வந்து வேற சொன்னாரே,” என்றார். “பொண்ணு கரெக்டாத்தான் சொல்லிக் கொடுத்தா, நான்தான் மாத்தி அடிச்சிட்டேன், அவ மேல தப்பில்லேன்னு.”

நேற்று. திங்கட்கிழமை. அதாவது நான் சொன்னதெல்லாம் தெரிந்த பிறகு.

பிறகு ஷோபாதான் பேசினாள். லீவு எடுப்பதாக இருந்த சிவகுமார் எடுக்காமல் நேற்று வேலைக்கு வந்துவிட்டதால், அந்த நாற்காலியை நேற்றே இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டாராம். சிரித்த அதே பையன். அவனுடைய வார விடுமுறைக்கு மாற்று ஆள் வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை சகாயம் இன்னொரு தடவை செய்து காட்டட்டும், பார்க்கலாம் என்றார் சிவகுமார். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை.

வெளியே வரும்போது நோட்டில் போன நேரத்தை எழுதச் சொன்னார் டாடி. எழுதினேன். “கேன்டீன்ல சாப்பிட்டுப் போங்க,” என்றார், எங்கள் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்து.

16 ஜூலை, புதன்

போர்டு இன்னும் சுவரைத்தான் பார்க்கிறது. புது அட்டை ஒன்றில் எல்லாவற்றையும் திருத்தி எழுதி மேசையில் வைத்தேன். கையெழுத்துப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

டாடி அதைப் படித்தார். பிறகு நடந்ததைப் பார்த்து மம்மி கூட வாயைப் பொத்திக்கொண்டார். ஒவ்வொன்றாக அவர் என்னிடம் உரக்கச் சொன்னார், நான் திருப்பிச் சொன்னேன், அவர் அடித்தார், திரையை நிமிர்ந்து பார்த்தார். கன்ட்ரோல் எஸ். பார்த்தார். ஃபைலை மூடினார். மறுபடி திறந்தார். இருக்கிறதா? இருக்கிறது. அடுத்தது. டாடி திரையை இப்படிப் பார்ப்பதை இன்றுதான் பார்க்கிறேன்.

கன்ட்ரோல் டி ஞாபகம் இருக்கிறதே, அதைத் தாண்டிவிடலாமா என்று கேட்டேன்.

“எல்லாத்தையும்,” என்றார்.

முதல் வாரம் நான் கொடுத்ததை அவர் ஒரு தடவை கூடச் சோதித்ததில்லை.

18 ஜூலை, வெள்ளி

இருபத்தாறு நிமிஷம். போன தடவையை விட நாலு நிமிஷம் கூட. ஒவ்வொரு ஐந்து பெயருக்கும் நிறுத்தி, சேவ் செய்து, திறந்து பார்த்தாராம். முப்பதும் இருந்தது.

ஞாயிறும் புதனும் நாற்காலி. மற்ற நாலு நாள் கேட்தான். ஆனால் அங்கே ஒரு ஸ்டூல் போட சிவகுமார் ஒத்துக்கொண்டிருக்கிறார். டாக்டரிடம் இதைக் காட்டிக் கேட்க வேண்டும் என்றார் மம்மி. வேலையை விடுகிற பேச்சை இன்று யாரும் எடுக்கவில்லை.

வாரத்தில் அந்த ஆறு நாளும் நாற்காலியில் இருந்திருக்கலாம். அந்தக் கணக்கு மட்டும் எந்தச் சாவியாலும் அழியவில்லை.

22 ஜூலை, செவ்வாய்

லேபில் ஷோபா மிஸ் மெஷினைக் கண்ணால் காட்டினாள். என் கை நீண்டது. பிறகு பையில் போய்விட்டது. நான் திருந்திவிட்டேனா என்று கேட்டாள். இல்லை, மிஸ்ஸின் மானிட்டர் பாவம் என்றேன்.

27 ஜூலை, ஞாயிறு

டாடிக்கு நாற்காலியில் மூன்றாவது நாள். பூசைக்குப் போகும்போது கவனித்தேன்: கடிகாரத்துக்குக் கீழே போர்டு. நேராக. என் பழைய அட்டைக்கு மேலே புது அட்டையை வைத்து அதே ஆணியில் மாட்டியிருக்கிறார். அடியில் கையெழுத்து இடம் காலியாக இருந்தது. பேனா ஒன்று ஆணியில் நூலில் கட்டித் தொங்கியது.

இப்போது கன்ட்ரோல் ரூமில் போன் வைத்துக்கொள்ளலாம்.

பத்தே காலுக்கு ஒரு மிஸ்டு கால். டாடி. எடுப்பதற்குள் நின்றது. இன்னொன்று. நின்றது. இன்னொன்று.

பதறிப்போய்த் திரும்ப அழைக்க இருந்தேன். இன்னா ஆச்சு, விழுந்துட்டாரா, மறுபடியும் எல்லாம் போயிடுச்சா? விரல் பட்டன் மேலேயே நின்றுவிட்டது.

மூணு.

ஆள் ஏறப்போகிறான். பதிலுக்கு மூணு கொடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணித்தான் கொடுத்தேன். பிறகு போய்ப் பேனாவை எடுத்தேன்.