குளிர் அறையில் நான் செய்தது

ஐலாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், ஏரி உறைந்துவிட்டது, நீ சுகமாக இருப்பதாக உன் தம்பி சொன்னான், நீ சொல்லவில்லை. ஒன்பதாம் தேதி ஆய்வுப் பட்டத்துக்காகப் பேராசிரியர்கள் முன்னால் நிற்கப் போகிறாயாமே, அதற்குள் இதைப் படித்துவிடு.

நவம்பரில் சொந்தமெல்லாம் கூடிய நன்றி விருந்தன்று நீ செய்ததை நான் மறக்கவில்லை. என் கையிலிருந்த பூசணி இனிப்புத் தட்டைப் பிடுங்கிவிட்டு, அத்தனை பேர் நடுவில் கைப்பேசியில் உன் ஆய்வுக்காக எடுத்த என் கழுத்து ஸ்கேன் படத்தைக் காட்டினாய். குளிர்ல சர்க்கரையையும் கொழுப்பையும் எரிச்சு ஒடம்பைச் சூடாக்குற பழுப்புக் கொழுப்பு இங்க பளிச்சுன்னு தெரியணும், அப்பாவுக்கு ஒண்ணுமே இல்ல, அணைஞ்சுபோன அடுப்பு என்று சிரித்தாய். தொப்பைக் கொழுப்பு நிரம்பி வழிந்து ஈரலுக்கும் தசைக்கும் போய்விட்டதாம், அதனால்தான் இன்சுலின் சொல்வதை என் உடம்பு கேட்பதில்லையாம், அதற்கும் ஒரு பாடம். உன் சித்தப்பா வெய்க்கோ இப்போது மீன்பிடிக் குடிசையில் என்னைப் பார்த்தாலே, என்ன அடுப்பு, பத்த வைக்கட்டுமா என்கிறான். முப்பது வருஷம் பனியில் சுரங்க லாரி ஓட்டியவன் நான். உனக்குப் படிப்பு வந்தது, மரியாதை வரவில்லை.

இன்னொன்றும் கேள். பாஸ்டனில் அந்தப் படம் எடுப்பதற்கு முன்னால் குளிர் அறையில் இரண்டு மணி நேரம் படுக்க வைத்தீர்களே, அன்று என் கம்பளிக் காலுறைக்குள் காலுக்கு ஒன்றாக, பிரித்தால் தானே சூடாகும் சூட்டுப் பொட்டலம் இருந்தது, மான் வேட்டைக்கு மரத்தில் உட்காரும்போது வைப்போமே, அதுதான். குளிரப் போகிற இடத்துக்கு அது இல்லாமல் போக இந்த ஊரில் எவனுக்கும் தோன்றாது. குளிருதா என்று அந்த நர்ஸ் பெண் கேட்டபோது இல்லை என்றேன். நான் நடுங்கினால் உன் ஆட்கள் முன்னால் உனக்கு அவமானம் என்று நினைத்தேன். நேற்று இதை உன் தம்பியிடம் சொன்னதும் அவன் தலையில் கைவைத்துக்கொண்டான், கால் வெதுவெதுன்னு இருந்தா ஒடம்பு எதுக்குப்பா எரிக்கும் என்றான். தொப்பையும் சர்க்கரையும் உண்மைதான், மறுக்கவில்லை. அந்தப் படம் பொய்.

மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே, உன் மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது. போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நன்றாக இரு, பட்டம் வாங்கு. உன் ஆய்வில் பதினேழாம் ஆள் நான்தானே, மறக்காமல் அந்த வரியை அடித்துவிடு. யார் கேட்டாலும் அப்பா ஏமாற்றிவிட்டார் என்று சொல், என் பெயரைச் சொல்லியே சொல். அங்கே ஒருவரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

உன் அப்பா,
ரெய்னோ