அலாரம் அடிக்காத நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

காலை முழுக்க எங்கள் ஊர்க் கடல் மீட்பு நிலையத்தில்தான், தொண்டர் வேலை. போன மாதம் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் கிளைவ் ஏதோ ஒரு மின்னஞ்சலைத் திறந்து கணினியைப் படுக்க வைத்ததிலிருந்து எங்கள் எல்லாருக்கும் அதைத் தொடவே பயம். இன்று அவருடைய தங்கை மகள் பிரயனி ஹோபார்ட் நகரத்திலிருந்து வந்து புதிய வைரஸ் தடுப்பு மென்பொருளை ஏற்றிக் கொடுத்தாள். அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் சோதனைப் பதிப்பு. இன்னும் விற்பனைக்கு வரவில்லை, எங்களை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

"சும்மா ஓட விடுங்க ஆன்ட்டி. ஏதாவது கேட்டா 'சரி'ன்னு அழுத்துங்க. உங்களைவிட அதுக்கு நல்லாத் தெரியும்."

வாய் ரொம்பத்தான். திரையின் மூலையில் இப்போது ஒரு பச்சைக் குறி. கிளைவ் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரிக்கிறார்.

மார்ச் 5, புதன்

மறுபடியும் லைல். என் தம்பிக்குக் கடலுக்குப் போகும்போது ரேடியோவில் நிலையத்துக்குச் சொல்லத் தெரியும்: எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன், எல்லாம். திரும்பி வந்து 'கரையேறிட்டேன்' என்று ஒரு வரி அனுப்ப மட்டும் கை வராது. நேரம் தாண்டியதும் கணினி எங்கள் எல்லாருடைய போனையும் அலற வைத்தது. வழக்கம்போல முதலில் பப்புக்குப் போன் போட்டேன். வழக்கம்போல அங்கேதான் இருந்தான்.

"செத்தா சொல்லி அனுப்புறேன்க்கா, நிம்மதியா இரு" என்கிறான். பின்னால் ஒரே சிரிப்பு. ஊரே கெடுத்து வைத்திருக்கிறது அவனை.

மார்ச் 6, வியாழன்

கணினியில் ஒரு பெட்டி வந்தது. சந்தேகத்துக்குரிய ஒன்றைக் கண்டுபிடித்தேன், பார்த்துக்கொள்ளட்டுமா என்று. கெட்டில் வேறு கொதித்துக்கொண்டிருந்தது. சரி என்று அழுத்தினேன்.

மார்ச் 12, புதன்

பேரமைதி. ஒரு வாரமாக யாருக்கும் அலாரம் அடிக்கவில்லை. பிரயனிக்கு எழுதிப் போட்டேன்: உன் மென்பொருள் நன்றாக இருக்கிறது, தொந்தரவே இல்லை. அவள் பதிலுக்குப் போனில் ஒரு பூப் படம் அனுப்பினாள்.

மார்ச் 16, ஞாயிறு

லைல் ஃப்ளாட்ஹெட் மீன் கொண்டுவந்தான், சுத்தம் பண்ணாமல். நேற்று அவன் இருட்டும் நேரத்தில்தான் வந்தானாம், ஆனால் அலாரம் அடிக்கவில்லை. "ஒருவழியா மெசேஜ் அனுப்பக் கத்துக்கிட்டியா?" என்று கேட்டேன்.

"நானா?" என்றான். அப்புறம், "ஆமா ஆமா. பின்ன?" என்று கண்ணடித்தான்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அவன் வயதுக்கு இதற்கெல்லாமா பெருமைப்படுவது! ஆனால் அந்தக் கண்ணடிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

கிளைவிடம் கேட்டேன், அலாரம் சரியாகத்தான் இருக்கிறதா என்று. பச்சைக் குறியைக் காட்டினார். "இதுக்கு மேல என்ன வேணும்?" எனக்கும் அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. தென்மேற்கிலிருந்து காற்று. இந்த வருஷம் குளிர்காலம் சீக்கிரமே வந்துவிடும்போல.

மார்ச் 20, வியாழன்

லைல் மதியம் தீவுப் பக்கம் போயிருக்கிறான், ஐந்து மணிக்குத் திரும்புவதாகச் சொன்னானாம். நான்கு மணிக்கு கிளைவ் நிலையத்தைப் பூட்டிவிட்டார். அதன் பிறகு கணினிதானே காவல். அலாரம் அடிக்கவில்லை. 'சமத்துப் பையன்' என்று அவனுக்கு மெசேஜ் அனுப்பினேன். பதில் இல்லை. அவன் வீட்டுப் பக்கம் சிக்னல் கிடைக்காது.

பூசணி சூப் வைத்தேன். காற்று ஜன்னலை ஆட்டுகிறது.

மார்ச் 21, வெள்ளி

படகு இறக்கும் சரிவில் அவன் வண்டி நிற்கிறது. பின்னால் படகு வண்டி. காலி.

மார்ச் 22, சனி

பப்பில் கேட்டால், அக்கா வீட்டுக்குப் போயிருப்பான்னு நினைச்சோம் என்கிறார்கள். நான் பப்பில் இருப்பான் என்று நினைத்தேன். இல்லை, நான் நினைக்கக்கூட இல்லை. அடிக்கலையே, அடிக்கலையே, அவ்வளவுதான்.

ஹெலிகாப்டர் இரண்டு நாளாகச் சுற்றுகிறது. ஒரு ராத்திரி முழுக்க அவனை யாருமே தேடலையே. தண்ணி அவ்வளவு ஜில்லுன்னு கிடக்கு. என்னைக் கூப்பிட்டிருப்பானா?

மார்ச் 24, திங்கள்

படகு கிடைத்தது, கவிழ்ந்தபடி. அவன் இல்லை.

பிரயனி வந்தாள். கணினியில் ஏதோ ஒரு பட்டியலைத் திறந்தாள். அதில் எங்கள் அலாரம் இருந்தது, மார்ச் ஆறாம் தேதியிலிருந்து அடைத்துப் பூட்டியபடி.

"ஒரே நேரத்துல எல்லார் போனுக்கும் தானா மெசேஜ் அனுப்புது இல்லையா ஆன்ட்டி... அதனால கெட்டதுன்னு நினைச்சிருக்கு." அழுதாள். அவளைத் திட்டத்தான் போனேன். சரி என்று அழுத்தியது யார்? என் விரல்தானே.

அப்போ பதினஞ்சாம் தேதி அவன் மெசேஜே அனுப்பலை. சும்மா பேர் வாங்கிக்கிட்டான். பாவி. பாவிப் பயலே.

மார்ச் 25, செவ்வாய்

அலாரத்தைத் திரும்ப வைத்துவிட்டார்கள். வைத்த உடனே எல்லாருடைய போனும் அலறியது. லைல், தாமதம்.

ஏப்ரல் 3, வியாழன்

தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஏப்ரல் 24, வியாழன்

இப்போது ஊரில் எல்லாரும் 'கரையேறிட்டேன்' அனுப்புகிறார்கள், படகே ஏறாமல் படகுத்துறையில் நின்று தூண்டில் போட்டுவிட்டு வருபவர்கள்கூட. நான்கு மணிக்குள் திரை காலியாகிவிடுகிறது, ஒரு பெயரைத் தவிர.

அந்தப் பயணத்தை யாராவது முடித்து வைக்கும்வரை ஐந்து மணிக்கு மேல் தினமும் அடிக்கும். கிளைவ் இன்று தயங்கித் தயங்கி வந்தார். "நோரீன், அதை மூடிடலாமா? நீங்க சொன்னா நான் அழுத்துறேன்."

அழுத்துவதற்கு இரண்டே இரண்டு பொத்தான்கள்தான். 'திரும்பிவிட்டார்', 'புறப்படவில்லை'. இதில் எதை அழுத்தச் சொல்லுவேன்?

சாயங்காலம் ரொட்டி வாங்கப் போனபோது பப்பைத் தாண்டித்தான் நடந்தேன். சரியாக அப்போது அடித்தது. உள்ளே அத்தனை பேர் போனும் மேசை மேசையாக. எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருவர்கூட அணைக்கவில்லை. நானும் என் பைக்குள் கையை விடாமல், அது ஓயும்வரை வாசலிலேயே நின்றிருந்தேன்.