பியூஸ் பெட்டியில் கட்டிய கருப்புக் கயிறு

திருமங்கலம்,
சித்திரை 6.

ஓசூரில் இருக்கும் என் பேரன் சுருளிக்கு, அப்பத்தா பாண்டியம்மாள் கைப்பட எழுதுவது. மீனாட்சி துணையில் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம். வண்டியும் சுகம்.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நாலு மாதமாக நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. உனக்கு வண்டித் தொழில் சொல்லிக் கொடுத்த மேலூர் ஆண்டிச்சாமியிடம் விலாசம் வாங்கி எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

உன் தங்கச்சி முனீஸ்வரியும் பிள்ளையும் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பவதாரிணி என்று பேர் வைத்திருக்கிறது. குப்புற விழுந்துவிட்டாள். காது ரெண்டும் உன்னுடையதைப் போல விடைத்துக்கொண்டு நிற்கிறது. நீ இன்னும் பார்க்கவில்லை.

உன் அப்பன் நம் கார் வண்டியை விற்றுவிடுவதாக இருந்தான். இருபத்திரண்டு வருசத்து வண்டி, அதுவும் நடுவழியில் நிற்கிற வண்டி, எவன் வாங்குவான்? விற்பதற்கு முன்னால் ஆண்டிச்சாமி ஒரு தடவை பார்க்கட்டும் என்று போன வாரம் வெள்ளிக்கிழமை காலையில் மேலூருக்குக் கிளம்பினான். நானும் ஏறிக்கொண்டேன். போகிற வழியில் ரெண்டு தடவை நின்றது. பட்டறைக்குள் நுழைந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்குகிற பிள்ளை மாதிரி. உன்னிடமும் அப்படித்தானே செய்தது.

ஆண்டிச்சாமி ஒரு ஒயரைக்கூடத் தொடவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, எப்பெப்ப நின்னுச்சு, எங்கெங்க நின்னுச்சு, அதைச் சொல்லுங்கண்ணே என்று உன் அப்பனைக் கேட்டார். அவனுக்கு நேற்றுச் சாப்பிட்டதே ஞாபகம் இருக்காது. நான் சொன்னேன். ஐப்பசி ரெண்டாம் வெள்ளி, திருநகர் வேகத்தடை. அந்த அமாவாசை, திருப்பரங்குன்றம் பாலத்தில் ஏறும்போது. கார்த்திகை முதல் வெள்ளி, பெட்ரோல் பங்கு வாசல். மூன்றாம் வெள்ளி, நம் தெருமுனை. மார்கழி ரெண்டாம் வெள்ளி, முனீஸ்வரிக்கு வலி எடுத்துக் கூட்டிப் போனபோது கப்பலூரில். எல்லாம் காலை எட்டிலிருந்து பத்துக்குள். அப்புறம் அரை மணி நேரம் வெயிலில் நின்றால் தானாகக் கிளம்பிவிடும்.

என்ன ஆத்தா, பஞ்சாங்கம் மாதிரி ஒப்பிக்கிறீக என்றார். பிறகு விரலை மடக்கி எண்ணினார். வெள்ளியும் அமாவாசையுமா வருதே, அன்னைக்குக் காலையில வண்டிக்கு என்ன செய்வீக என்று கேட்டார். நான் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன் அப்பன்தான், அம்மா பானட்டு மேல மஞ்சத் தண்ணி தெளிக்கும் என்றான்.

பானட்டைத் திறந்தார். கயிறு இருந்தது.

சுருளி, நீ ஆயுத பூசைக்கு முதல் நாள் தனி ஆளாக அந்த வண்டி முழுசுக்கும் புது ஒயர் போட்டு முடித்தாய். தெருவே நின்று பார்த்தது. சின்னச்சாமி வீட்டுக்காரி, பய கெட்டிக்காரனாயிட்டானே என்று சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை. பாண்டி கோயில் கருப்புக் கயிற்றை நீ மாட்டிய பியூஸ் பெட்டியைச் சுற்றிக் கட்டினேன். நீ பார்த்ததும் அவிழ்த்துப் போட்டாய். இந்தப் பக்கம் தண்ணியும் படக் கூடாது, கயிறும் கட்டக் கூடாது அப்பத்தா என்று ஆள் இருக்கும்போது சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது. நீ கடைக்குப் போனதும் மறுபடி கட்டினேன். அதற்கப்புறம் நீ வண்டி பார்க்க வரும்போதெல்லாம் அவிழ்த்து முந்தியில் முடிந்துகொள்வேன். போனதும் கட்டிவிடுவேன். உள்ளே கம்பி முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்ததை நீ ரெண்டு தடவை சுரண்டித் துடைத்தாய். தண்ணி எப்பிடிப் போகுதுன்னே பிடிபடலையே என்று தலையைச் சொறிந்தாய். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஆண்டிச்சாமி காட்டினார். மூடிக்கு அடியில் கயிறு கிடப்பதால் பெட்டியின் மூடி நெல்லளவு தூக்கி நிற்கிறது. வண்டியை ஓடவிட்டு, பானட் இடுக்கில் இறங்குகிற தண்ணி மாதிரி கயிற்றின் நுனியில் அரை டம்ளர் தண்ணியைச் சொட்டுச் சொட்டாக விட்டார். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அது தண்ணியை உள்ளே இழுத்தது. நான் நூறு எண்ணுவதற்குள் இன்ஜின் பொசுக்கென்று நின்றது. துணியால் துடைத்துக் காய வைத்தார். கிளம்பியது. மறுபடி தண்ணி விட்டார். நின்றது. பய வேலையில ஒரு குறையும் இல்ல, நானே இம்புட்டு நேர்த்தியா ஒயர் கட்டினதில்ல என்றார். உன் அப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை.

கப்பலூரில் நின்ற அன்றைக்கு, பிள்ளைத்தாய்ச்சி ஏறுகிற வண்டி என்று ஒரு செம்புத் தண்ணியை முழுசாக ஊற்றியிருந்தேன். தக்காளி ஏற்றி வந்த வண்டிக்காரன் ஏற்றிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அந்தப் பதற்றத்தில்தான் ஆஸ்பத்திரி வாசலில், சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னால், நீ தொட்டது எதுடா விளங்கியிருக்கு, பிள்ளையையும் தொட்டுராத என்று உன்னைச் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது. நீ தூக்குவாளியைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனதும் இருக்கிறது. ஓசூருக்குக் கிளம்பிய அன்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாய், என்னிடம் சொல்லவில்லை. அதையும் நான் மறந்துவிடவில்லை.

இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது. மூன்று வெள்ளி பார்த்தாயிற்று என்று எழுத ஆசை, ஒரு வெள்ளிதான் ஆகியிருக்கிறது. நேற்று வெள்ளியன்று மேலூர் வரை போய் வந்தோம். நிற்கவில்லை. முனீஸ்வரி பின்சீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். உன் அப்பன் விற்கவில்லை என்று சொல்லிவிட்டான். ஆஸ்பத்திரியில் நின்ற சம்பந்தி வீட்டாரிடம், கோளாறு என் கையில்தான் இருந்தது, என் பேரன் கையில் இல்லை என்று நானே போய்ச் சொல்லிவிட்டேன். சின்னச்சாமி வீட்டுக்காரியிடமும் சொன்னேன். சிரித்தாள். சிரிக்கட்டும், குறித்து வைத்திருக்கிறேன்.

வைகாசி வளர்பிறையில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குக் காது குத்து. தாய்மாமன் வராவிட்டால் பங்காளி பேச்சிமுத்து மடியில் உட்கார வைக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. உன் அப்பன் கல்யாணத்தில் அப்பளம் நமுத்திருக்கிறது என்று பந்தியில் வைத்துச் சொன்னவர் மகன் அவன். அவன் மடியில் நம் பிள்ளை உட்காருவதை நான் இருந்து பார்க்க வேண்டுமா?

நீ வா. மதுரையில் ஆண்டாள்புரம் தாண்டும்போது ஒரு போன் போட்டால் உன் அப்பன் வண்டியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பான். பியூஸ் பெட்டி இப்போது அழுந்தி மூடியிருக்கிறது. கயிற்றை இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அது வண்டிக்கென்று வாங்கியது இல்லை. கையில் கட்டிக்கொள்.

பிள்ளையை நீதான் முதலில் தூக்க வேண்டும். நான் தள்ளியே நிற்கிறேன்.

பாண்டி முனி உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் அப்பத்தா,
பாண்டியம்மாள்