கடலுக்குள் ஓர் ஒழுங்கை

பெரியப்பா,

இன்று விடிந்ததும் அண்ணை உங்கள் காரை எடுத்தார். சாவியைத் திருப்பியவுடன் அந்த ஜப்பான்காரி வழிகாட்டித் திரைக்குள்ளிருந்து தன் மொழியில் வழக்கம்போல ஏதோ சொன்னாள். நீங்கள் இருந்தால், "ஓம் பிள்ளை, வாறம்" என்று அவளுக்குப் பதில் சொல்லியிருப்பீர்கள். அண்ணை பக்கக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற நான்தான் மெதுவாக "ஓம்" என்றேன். அண்ணைக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது. இனி உங்கள் கார் அவரோடுதான். கார்க் கொட்டிலுக்குள் உங்கள் உரக்கடை மணம் மட்டும் இன்னும் நிற்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். யாரிடமும் கேட்க முடியாததால் எழுதுகிறேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஒன்றரை மாதத்தின் பின், காரை உள்ளே துடைத்துத் தரும்படி அண்ணை சொன்னார். உங்களோடு வரும்போது நான் எப்போதும் பின்சீற்றில் புத்தகத்தோடு இருப்பேன். அன்றுதான் முதன்முறையாக முன்னுக்கு இருந்தேன். துணி பட்டு ஒரு பொத்தான் அமுங்கியது. வானொலி மறைந்து, வழிகாட்டி வரைபடம் வந்து, திரை முழுவதும் நீலமாயிற்று.

அந்த நீலத்தைப் பற்றி நீங்கள் ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது. "இதுக்கு எங்கடை ஊர் கடல், பிள்ளை. ஜப்பான் மட்டும்தான் தரையெண்டு நினைச்சுக்கொண்டிருக்கு." அப்பா உடனே, "கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசு ஒண்டு போடுங்கோ அண்ணை" என்றார். "கிடக்கட்டும். அது பாவம்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம்.

ஆனால் நீலம் வெறுமையாக இல்லை. அதன் மேல் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் நிறைந்திருந்தன.

"திரையிலை பூஞ்சணம் பிடிச்சிட்டுது" என்றார் அண்ணை.

நான் படத்தைச் சிறிதாக்கினேன். புள்ளிகள் கோடுகளாகின. ஒரு பக்கத்தில் ஒரு சதுரம் தெரிந்தது. நல்லூர்க் கோயிலின் நாலு வீதிகள்! அங்கிருந்து விரலை நகர்த்தினால் காங்கேசன்துறை வீதி, இணுவில், மருதனார்மடச் சந்தி. இடையில் வலைபோலக் குறுகலான ஒழுங்கைகள். கைப்பேசியைத் திரைக்கு முன்னால் பிடித்து, ஜப்பான் எழுத்துகளைத் தமிழாக்கிப் பார்த்தேன். 'சென்ற தடத்தைக் காட்டு' என்று ஒரு வரி இருந்தது. யாரோ அதை இயக்கி வைத்திருக்கிறார்கள். கீழே சிறிய எழுத்தில், 'நினைவகம் நிறைந்தால் பழைய தடம் அழியும்.'

அன்றிலிருந்துதான் எனக்குக் குழப்பம்.

சனிக்கிழமைகளில் என்னை நல்லூருக்கு ரியூசன் வகுப்புக்குக் கூட்டிப்போவீர்கள். ஒருநாளும் நேரே போனதில்லை. வாழைத் தோட்டத்து ஓரத்தால், யாருடையவோ வேலியை உரசிக்கொண்டு, ஆடு கட்டியிருக்கும் முடக்குத் திருப்பங்களில் நின்று நின்று போவோம். "நேரே போனால் பதினைஞ்சு நிமிசம், பெரியப்பா!" என்று கத்துவேன். "அது போன கிழமை போன பாதையெல்லே" என்பீர்கள். அதையே ஒரு காரணம் போலச் சொல்வீர்கள். நான் கோபத்தோடு புத்தகத்துக்குள் புகுந்துவிடுவேன். நல்லாய்க் கவனிக்கிற பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர். உங்கள் தலைக்கு அப்பால் இருந்த திரையை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

கடைக்குச் சைக்கிளில்தான் போவீர்கள். "காரை வைச்சுக்கொண்டு உந்த வெயிலுக்கை சைக்கிள் உழக்கிறியளே அத்தான், ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்று அம்மா கேட்பா. "கார் உதுக்கில்லை" என்பீர்கள். பிறகு எதுக்கு என்று யாரும் கேட்கவில்லை. போன வழியிலேயே திரும்பத் திரும்பப் போனால் நினைவகம் வீணாய் நிறைந்துவிடும் என்றா, பெரியப்பா?

"உவருக்கு வழி தெரியாது. அதுதான் சுத்தித் திரிஞ்சவர்" என்றார் அண்ணை. நானும் அப்படி நினைக்கப் பார்த்தேன். ஆனால் வழி தெரியாதவர் முட்டு ஒழுங்கைகளுக்குள் கடைசி வீடு வரைக்கும் போய்த் திரும்புவாரா? அதுவும் ஒவ்வொன்றுக்குள்ளும்?

அண்ணை கொழும்புக்கு ஒருமுறை போனாலே புள்ளிகள் எல்லாம் போய்விடும். அதனால் ஆறு நாள் பின்னேரங்களில் கொட்டிலுக்குள் இருந்து, கணக்குக்கு வாங்கிய வரைபுத் தாள்களை ஒட்டி, திரையைப் பார்த்துப் பார்த்துக் கீறினேன். "பட்டரி இறங்கப்போகுது, விசரி!" என்று அண்ணை கத்துவார். பிறகு அவரே வந்து தாளின் நுனியைப் பிடித்துக்கொள்வார்.

ஐந்தாம் நாள்தான் அந்த இடைவெளியைக் கண்டேன். நல்லூரில், நாலு பக்கமும் புள்ளிகள் சூழ்ந்த இடத்தில் ஓர் ஒழுங்கை மட்டும் இல்லை. அதன் வாசலில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அப்பிக் கிடந்தன.

அது என் ரியூசன் ஒழுங்கை.

முதல் சில கிழமைகள் நீங்கள் வகுப்பு வாசல் படலை வரைக்கும் வந்தீர்கள். அந்தப் புள்ளிகள் எப்போதோ அழிந்திருக்கும். ஒருநாள் நீங்கள் காரை ஸ்டார்ட் பண்ணியபோது யன்னல் கண்ணாடி திறந்திருந்தது. ஜப்பான்காரி பேசினாள். நீங்கள் உரத்த குரலில், "ஓம் பிள்ளை, வாறம்" என்றீர்கள். சைக்கிள்களோடு நின்ற பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். "உங்கடை பெரியப்பா ஜப்பான்காரியோடையோடி கதைக்கிறவர்? கலியாணம் எப்பவாம்?" அடுத்த கிழமை என் பெயரே 'ஜப்பான்' ஆகியிருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் உங்களிடம் சொன்னேன். "பெரியப்பா, உள்ளுக்கை கார் திருப்ப இடம் காணாது. இனி முடக்கிலையே நில்லுங்கோ, நான் நடந்து போறன்."

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். "ஓம் பிள்ளை. இடம் காணாதுதான்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மணித்தியாலம் அந்த ஒழுங்கை முடக்கில் தனியே இருந்தீர்கள். நான் வகுப்புக்குள். நீங்கள் ஒருமுறை உள்ளே வந்து போயிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. ஊரிலுள்ள முட்டு ஒழுங்கை எல்லாம் ஏறி இறங்கினவர், கையெட்டும் தூரத்தில் இருந்ததை விட்டுவிட்டீர்கள். நான் சொன்ன பொய்யை நம்பினீர்களா? அல்லது பொய் என்று தெரிந்துதான் உள்ளே வரவில்லையா? முதலாவது என்றால் நான் உங்களை ஏமாற்றினேன். இரண்டாவது என்றால்... அதை என்னால் கடைசிவரை யோசிக்க முடியவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை. என்னைப் படலை வரைக்கும் கொண்டுபோய் விடும்படி அண்ணையிடம் கேட்டேன்.

"அங்கை திருப்ப இடமில்லையெண்டு நீதானேடி சொன்னனி?"

"போங்கோ அண்ணை."

போனோம். கண்ணாடியை நானே இறக்கினேன். அண்ணையிடம் காரை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். ஜப்பான்காரி பேசினாள். "ஓம் பிள்ளை, வாறம்!" என்றேன், உங்களைப் போலவே உரத்து. சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தி சிரித்தாள். சைக்கிளில் இருந்த மற்றவள், "உங்கடை பெரியப்பாவைக் கனநாளாக் காணேல்லை?" என்று கேட்டாள். நீங்கள் இறந்துவிட்டதைச் சொன்னேன். அவள் சைக்கிளிலிருந்து இறங்கி நின்றாள்.

அண்ணை காரைத் திருப்பினார். ஒரே வெட்டில் திரும்பியது.

திரையில், அந்த இடைவெளிக்குள் வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாய் விழுந்து, கொக்கிபோல வளைந்து வெளியே வந்தன. அதே நேரத்தில் வேறெங்கோ உங்களுடைய மிகப் பழைய புள்ளிகள் சில அழிந்திருக்கும். எந்த ஒழுங்கை என்று எனக்குத் தெரியாது.

இப்போது கார் வவுனியா தாண்டியிருக்கும். வரைபுத் தாள் என் மேசையில் விரிந்து கிடக்கிறது. அந்த ஒழுங்கையையும் கீறிவிடலாம் என்று பென்சிலை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். திரையில் விழுந்தது நான் போன வழி. இந்தத் தாளில் இருப்பது நீங்கள் போன வழி. அதில் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்க வேண்டும்.

தாளை மடித்துக் கணக்குக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை ரியூசனுக்குச் சைக்கிளில் போகப்போகிறேன். நேரே அல்ல.